பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, ஊர்

1860 அக்டோபர் 12 அன்று சென்னைத் துறையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16 அன்று அது தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையில், டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு ஒப்பந்தத்திற்கு உழைக்கச் சென்றவர்களை நேட்டாலுக்கு ஏற்றிச் சென்ற முதல் கப்பல் அதுதான். அதன் பெயர் 'ட்ரூரோ'. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கார்ன்வால் பகுதியின் தலைநகருக்கும் அதே பெயர்.

பெயரொற்றுமையில் பொருளில்லை என்று கடந்துவிடலாம். ஆனால் கார்ன்வாலும் மக்களைக் கடலுக்குக் கொடுத்த மண் என்பதால் நாம் சற்றே நிற்க வேண்டியிருக்கிறது. 1866இல் செம்பின் விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்டபோது அங்கிருந்த சுரங்கத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டார்கள். தென் ஆஸ்திரேலியா, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா என்று போனவர்களில் ஒரு பகுதியினர் நமக்கு மிக அருகிலேயே வந்து இறங்கினார்கள். 1880 தொடங்கி ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய கோலார் தங்கவயலில் 'கேப்டன்' என்று அழைக்கப்பட்ட மேற்பார்வையாளர்களில் பலர் கார்ன்வால்காரர்கள். அதே சுரங்கக் குழிகளில் பாறை உடைத்தவர்கள் வட ஆற்காடு, சித்தூர், சேலம் ஜில்லாக்களிலிருந்து போனவர்கள்.

ஒரே குழியில் இறங்கிய இந்த இருவரின் கொள்ளுப்பேரர்களும் இன்று தம் முன்னோரைத் தேடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கார்ன்வால்காரரின் பேரனுக்குக் காத்திருப்பது தேவாலயப் பதிவேடு. இங்கிலாந்தில் 1538 முதல் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று ஆணையிருந்தது. 1837 முதல் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவும் சேர்ந்துகொண்டது. கூலிக்காரனாயினும் பிறந்தான், மணந்தான், இறந்தான் என்று மூன்று வரி அவனுக்கு உண்டு. நம் சேலத்துக்காரரின் பேரனுக்கு அப்படி எதுவுமில்லை. கோலாருக்கு நடந்தோ ரயிலேறியோ போனவனை அவனுடைய ஊரில் யாரும் எழுதிவைக்கவில்லை.

ஆனால் அதே ஊரிலிருந்து, அதே பஞ்சத்தில், சென்னைக்குப் போய் நேட்டால் கப்பலில் ஏறியவனுக்கு ஒரு வரி இருக்கிறது. இந்தச் சமவெளியின் ஏழையைப் பெயர் சொல்லி, தகப்பன் பெயர் சொல்லி, ஊர் சொல்லி எழுதிவைத்த முதல் ஏடு, அவனை ஊரைவிட்டு வெளியே அனுப்பிய ஏடே. இதை நாம் எவ்வளவு யோசித்தாலும் எளிதில் செரிக்க முடிவதில்லை.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் எழுத்தே இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இங்கு எழுத்து ஏராளம். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் பாரமகாலும் சேலமும் கும்பினியார் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் அவரிடம் உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோவும் இந்த நிலத்தை வயல் வயலாக அளக்கச் செய்தார்கள். ரயத்துவாரி முறை உருப்பெற்றது இங்கேதான். நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, தீர்வை எவ்வளவு என்று தொடங்கிய அந்தக் கணக்கு கர்ணத்தின் கையில் அடங்கலாகவும் சிட்டாவாகவும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. ஆனால் அது மண்ணின் வரலாறு. மனிதன் அதில் பட்டாதாரராக மட்டுமே நுழைய முடியும். பட்டா இல்லாதவனுக்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை.

கோயில் சார்ந்த எழுத்தும் உண்டு. கொங்குப் பகுதியில் ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் காணிக் கோயில் உண்டு, குலகுரு உண்டு, பட்டயங்களும் செப்பேடுகளும் உண்டு. முதல் மரியாதை யாருக்கு, தேர் வடம் பிடிக்கும் உரிமை யாருக்கு என்பவற்றை அவை தெளிவாகச் சொல்லும். உரிமை உள்ளவனின் வம்சாவளி அது. அவனுடைய பண்ணையில் ஆள்வேலை பார்த்தவனின் தகப்பன் பெயரை எந்தப் பட்டயமும் சொல்லாது. 1827இல் சேலத்தில் தொடங்கிய லண்டன் மிஷனின் பதிவேடுகளும் கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகளும் ஓரளவு விதிவிலக்கு. மதம் மாறிய சிலருக்கு அங்கே கார்ன்வால்காரனுக்கு வாய்த்த மூன்று வரிகள் வாய்த்தன. அவர்கள் மிகச் சிலர்.

இனி அந்தக் கப்பல் பட்டியலைப் பார்ப்போம். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் சென்றவர்கள் 1,52,184 பேர். கப்பல்கள் 384. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். மற்றவர்கள் கல்கத்தா வழியாக. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, ஊர், உடலிலுள்ள அடையாளம். தொடக்க காலப் பட்டியல்களில் சில பத்திகள் குறைவு, பின்னவை நிறைவானவை. இறங்கிய பின் எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பதும் சேர்க்கப்பட்டது. சிலருக்கு எதிரே பிற்காலக் குறிப்புகளும் உண்டு: இறந்தார், ஓடிப்போனார், ஊர் திரும்பினார். டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காந்தி-லுத்துலி ஆவண மையம் இப்பட்டியல்களைக் கணினியில் தேடும் வகையில் தொகுத்திருக்கிறது.

இந்தப் பத்திகளில் நம்மை மிகவும் பாதிப்பது கடைசிப் பத்தி. இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் வெட்டு, வலது முன்கையில் பச்சை குத்தியது என்ற வகையான குறிப்புகள் அதில் வரும். அன்பினால் எழுதப்பட்டவை அல்ல அவை. தோட்டத்திலிருந்து தப்பியோடினால் பிடிப்பதற்கும், ஒருவன் பெயரில் இன்னொருவன் புகாமல் தடுப்பதற்கும் எழுதிக்கொண்டவை. ஆயினும் ஆறாம் தலைமுறையில் ஒரு பெண் கணினித் திரையில் அந்த வரியைக் காணும்போது, படமோ கையெழுத்தோ மிஞ்சாத ஒரு மனிதனின் உடல் முதன்முறையாக அவள் கண்முன் வருகிறது. ஐந்தடி மூன்றங்குல உயரமும் முழங்கால் தழும்பும் உள்ள ஒருவன். மாட்டிலிருந்து விழுந்தானா, அரிவாள் பட்டதா என்று அவள் யோசிக்கத் தொடங்கிவிடுவாள். பிடிப்பதற்காக எழுதிய குறிப்பு உறவுக்கு அடையாளமாகிவிடுகிறது.

அவர்கள் ஏன் கப்பலேறினார்கள் என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கே போதிய விடை. 1871இல் சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 19,66,995. பத்தாண்டு கழித்து 1881இல் 15,99,595. இடையில் வந்தது தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. பிறந்திருக்க வேண்டியவர்களைக் கணக்கில் கொள்ளாமலே மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைவு. செத்தவர்கள் எத்தனை, போனவர்கள் எத்தனை என்று இந்த எண் பிரித்துச் சொல்லாது. சென்னை மாகாணத்தில் பஞ்சம் மிகக் கடுமையாகத் தாக்கிய ஜில்லாக்களுள் சேலமும் ஒன்று. வானம் பார்த்த புஞ்சை நிலம், மானாவாரிச் சோளமும் கம்பும் கேழ்வரகும், வேலையிழந்த தறிகள். நேட்டாலில் முதலாண்டு மாதக் கூலி பத்து ஷில்லிங் என்றும் உணவும் உடையும் உறைவிடமும் உண்டு என்றும் ஆள்பிடிப்பவன் சொல்லும்போது அது காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அங்கே காத்திருந்த சவுக்கைப் பற்றி அவன் சொல்லியிருக்க மாட்டான்.

பட்டியல் கிடைத்துவிட்டால் ஊர் கிடைத்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். நாமக்கல்காரர் வாயால் சொன்னதை டிப்போ எழுத்தர் ஆங்கிலத்தில் காதுக்குப் பட்டபடி எழுதினார். அதைப் பார்த்து இன்னொருவர் படியெடுத்தார். நூறாண்டுக்குப் பின் வேறொருவர் கணினியில் ஏற்றினார். 'ட்ரூரோ'வின் முதல் எண்ணுக்கு உரியவர் பெயர் 'டாவரம்' என்று படிக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. தேவாரமா, தேவவரமா, வேறேதுமா என்று தமிழறிந்தவரும் திகைப்பார். ழகரமும் றகரமும் ஆங்கில எழுத்தில் என்ன பாடுபடும் என்பது நமக்குத் தெரிந்ததே. முனுசாமி 'மூன்சாமி' ஆகியிருக்கிறார். திருச்செங்கோடு 'திரிச்சங்கோடு' ஆகும். ஓமலூர் 'ஊமலூர்' ஆகும். பட்டி, பாளையம் என்று முடியும் ஊர்ப்பெயர்களோ தாலுகாவுக்குப் பத்து கிடக்கின்றன. இப்பட்டியல்களைப் படிப்பவர் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது நமது துணிபு. எழுத்தில் விளங்காதது ஒலியில் பிடிபடும்.

குடும்பப் பெயரும் அப்படியே. தென்னாப்பிரிக்காவில் 'கோவெண்டர்' என்றொரு குடும்பப் பெயர் மிகுதி. நம் கவுண்டர்தான் அங்கே அப்படியாகியிருக்கிறார். முதலியார் 'மூட்லி' ஆனதும் இவ்வாறே. ஆனால் கோவெண்டர் என்ற பெயரை வைத்துக்கொண்டு திருச்செங்கோட்டுக்கு வருபவர் உடனே ஒரு கேள்வியைச் சந்திப்பார்: எந்தக் கவுண்டர்? இந்தச் சமவெளியில் கொங்கு வேளாளரும் கவுண்டர், வன்னியரும் கவுண்டர், வேறு சில சமூகத்தாரும் கவுண்டர். பட்டியலின் சாதிப் பத்தியில் ஒன்றும், பேரன் இன்று போட்டுக்கொள்ளும் பட்டத்தில் வேறொன்றும் இருப்பதுண்டு. கடல் கடந்த இடத்தில் சிலர் தமக்கு மறுக்கப்பட்ட பட்டத்தைத் தாமே எடுத்துக்கொண்டார்கள். அதைப் பொய் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஊரைத் தேடுபவருக்கு அது ஒரு சிக்கல் என்பதோடு விட்டுவிடுவோம்.

மாறாக, சூட்டிய பெயர் சில வேளைகளில் ஊர்ப் பத்தியைவிட நன்றாக வழி காட்டும். செங்கோடன், அர்த்தநாரி என்ற பெயர்களைப் பட்டியலில் கண்டால், எழுதியவர் ஊரைச் சிதைத்திருந்தாலும் திருச்செங்கோட்டு மலை கண்ணுக்குத் தெரிந்துவிடும். மலைமேல் மாதொருபாகனும் செங்கோட்டு வேலவனும் இருக்க, அந்தப் பெயர்களைப் பிள்ளைகளுக்கு இட்டவர்கள் பெரும்பாலும் அந்த மலையைப் பார்த்து வாழ்ந்தவர்கள். நாமகிரி என்ற பெயரும் அப்படி. நாமக்கல் நரசிம்மர் கோயில் தாயாரின் பெயர் அது. கணிதமேதை ராமானுஜனின் குடும்பத் தெய்வம் நாமகிரித் தாயார் என்பதால் அப்பெயர் உலகறிந்தது. கப்பலேறிய ஒருத்திக்கும் அது இருந்திருக்குமானால் நமக்கு அது ஒரு திசைகாட்டி. மாரிமுத்து, கருப்பன், பெருமாள் என்றால் வழியில்லை. தமிழகமெங்கும் அவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த சிக்கல் ஜில்லா என்ற சொல்லிலேயே இருக்கிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சேலம் ஜில்லா மிகப் பெரியது. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஊத்தங்கரை, திருப்பத்தூர், ஓமலூர், ஆத்தூர், திருச்செங்கோடு, நாமக்கல் எல்லாம் அதற்குள் அடக்கம். 1910இல் நாமக்கல் தாலுகா திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு சேர்க்கப்பட்டு 1929இல் மீண்டும் சேலத்துக்கு வந்தது. 1911இல் திருப்பத்தூர் வட ஆற்காட்டுக்குப் போனது. தர்மபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் கிருஷ்ணகிரி 2004இலும் தனி மாவட்டங்களாயின. ஆகவே, 1890இல் 'சேலம் ஜில்லா' என்று எழுதப்பட்டவரின் ஊர் இன்று கர்நாடக எல்லையருகே கன்னடமும் தெலுங்கும் பேசும் சிற்றூராக இருக்கலாம். 1913இல் பிஜித் தீவுக்குப் போன நாமக்கல்காரரின் சீட்டிலோ சேலம் என்ற சொல்லே இருக்காது, திருச்சிராப்பள்ளி என்றிருக்கும். இது தெரியாமல் திருச்சிக்குப் போய்த் தேடி, சமயபுரம் கும்பிட்டுவிட்டுத் திரும்புபவர்களும் இருக்கக்கூடும்.

ஊரே இல்லாமற்போன கதையும் உண்டு. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் காவிரிக்கரை ஊர்கள் பல மூழ்கின. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியின் தலையும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். செய்தித்தாள்கள் அதைப் படம் பிடித்துப் போடும். அணை கட்டுவதற்கு முன் அந்தக் கரையிலிருந்து நேட்டாலுக்கோ மோரீசுக்கோ போனவரின் வாரிசு பட்டியலில் ஊர்ப்பெயரைப் பிழையின்றிப் படித்தாலும் கால் வைக்க நிலமிராது.

பட்டியலில் எழுதியதெல்லாம் உண்மையா என்றால், அதுவும் இல்லை. வயது இருபது, இருபத்தைந்து, முப்பது என்று வட்டமாகவே இருக்கும். பிறந்த ஆண்டு யாருக்குத் தெரியும்? கடன்காரனுக்கும் பண்ணைக்காரனுக்கும் அஞ்சிப் புறப்பட்டவன் வேறு பெயர் சொல்லியிருப்பான். பெண்களின் நிலை இன்னும் சிக்கல். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்பது விதி. இந்த எண்ணிக்கையை நிரப்புவதற்காக ஆள்பிடிப்பவர்கள் சத்திரங்களிலும் சந்தைகளிலும் தனித்து நின்ற பெண்களைத் தேடினார்கள். விதவைகளும் கணவனைவிட்டு வந்தவர்களும் அவர்களில் உண்டு. டிப்போவில் அறிமுகமான ஒருவனுக்கு மனைவி என்று எழுதிக்கொண்டவர்களும் உண்டு. தன்னைத் தேடி யாரும் வரக்கூடாது என்று ஒரு பெண் ஊரை மாற்றிச் சொல்லியிருந்தால், நூற்றைம்பது ஆண்டு கழித்தும் அவளுடைய விருப்பம் நிறைவேறிக்கொண்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

நேட்டாலைப் போலவே பிறவும். மோரீசின் குடியேற்ற ஆவணங்கள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புகைப்படம் எடுத்துப் பதிந்த தீவு அது. அங்கே தகப்பன் பெயரே குடும்பப் பெயராக உறைந்துவிட்டதால் ஒரு பழைய குப்பனும் கருப்பனும் 'கூப்பென்', 'கர்ப்பென்' என்று இன்றும் வாழ்கிறார்கள். பிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் போனது 1903 முதல் 1916 வரை மட்டுமே. அந்தச் சீட்டுகளில் நெருங்கிய உறவினர் பெயரும் எழுதப்பட்டிருப்பதால் தேடுபவருக்கு அவை மிக உதவியானவை. பாரதி அத்தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகக் கண்ணீர் விட்ட நாட்களில் எழுதப்பட்ட சீட்டுகள் அவை. காரைக்கால், புதுச்சேரி வழியாக ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் போனவர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் தமக்கே உரிய முறையில் எழுதினார்கள்.

இந்த ஏடுகளுக்கு இன்று சட்டப் பயனும் சேர்ந்திருக்கிறது. மோரீசின் இந்திய வம்சாவளியினர் ஏழாம் தலைமுறை வரை வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை பெறலாம் என்று 2024 மார்ச்சில் இந்தியா அறிவித்தது. ஏழு தலைமுறை என்றால் எண்ணிட்டு எழுதிய அந்தப் பழைய பதிவைத் தவிர வேறு எதைக் காட்ட முடியும்?

இதுவரை சொன்னவர்கள் எண் பெற்றவர்கள். ஆனால் நம் சமவெளியிலிருந்து மிகுதியாகப் போனவர்கள் நேட்டாலுக்கோ பிஜிக்கோ போகவில்லை. கண்டிச் சீமைக்குப் போனார்கள். சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து, குறிப்பாக நாமக்கல், முசிறிப் பக்கத்து ஊர்களிலிருந்து, கங்காணியின் பின்னால் கூட்டம் கூட்டமாக நடந்தார்கள். முதலில் கோப்பித் தோட்டம். இலைநோயால் கோப்பி அழிந்த பிறகு தேயிலை. கரையோரத்துக்கு நடை, அங்கிருந்து படகு, மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழியே மீண்டும் நடை. சென்னைத் துறைமுகத்து டிப்போ அவர்களுக்கு இல்லை. ஐந்தாண்டு ஒப்பந்தமும் இல்லை. கங்காணி உறவுக்காரன், அல்லது ஒரே ஊர்க்காரன், அவனுடைய முன்பணக் கடனே ஒப்பந்தம். இலங்கை அக்கரைதானே என்ற எண்ணத்தில் அரசாங்கமும் நெடுங்காலம் தலைகளை எண்ணியதோடு நின்றுவிட்டது. பெயர்களை எழுதவில்லை.

அவர்களுக்கும் காகிதம் உண்டுதான். 'துண்டு' என்று ஒன்றிருந்தது. ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் எவ்வளவு கடன் கட்டினால் ஆளை விடுவோம் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. 1921இல்தான் அம்முறை ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத்துண்டு வந்தது. ஆள் கழுத்தில் தொங்கிய அந்தத் தகர வில்லையில் எண் பொறித்திருக்கும். எந்தத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும், செலவை யார் கணக்கில் எழுத வேண்டும் என்பதற்கு அந்த எண்ணே போதும். பெயர் வேண்டியிருக்கவில்லை. தோட்டத்தில் செக்ரோல் என்ற பெயர்ப்பதிவு இருந்தது. பெரட்டுக்கு வந்தவர் யார், எத்தனை நாள் வேலை என்பதற்காக. அதில் ஊரும் தகப்பனும் எதற்கு?

எழுதப்படாததன் விலை தொடக்கத்தில் தெரியவில்லை. நேட்டால் போனவனுக்கு ஊர் கனவாகிவிட்டது. கண்டிக்குப் போனவனுக்கோ ஊர் நாலு நாள் வழி. பெண் கொடுத்தார்கள், எடுத்தார்கள். திருவிழாவுக்கு வந்தார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கியதும் போக்குவரத்து இன்னும் எளிதாயிற்று. எழுத்து இல்லாமலே உறவு இருந்தது. அந்த வகையில் அவர்கள் பேறு பெற்றவர்கள் என்றுகூடத் தோன்றும், 1948 வரும் வரையில்.

அந்த ஆண்டு இலங்கை நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டம் உண்மையில் ஒரு வம்சாவளிச் சட்டம். வம்சாவளியால் குடிமகனாக வேண்டுமானால் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும்; அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். லயத்து அறையில் பிறந்த பாட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? முப்பது தலைமுறை இருந்தவரானாலும் காகிதம் இல்லாத சிங்கள விவசாயியிடம் யாரும் காகிதம் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கேட்கப்பட்டவர்கள் தோட்டத்துத் தமிழர்களே. 1949இல் இந்திய, பாகிஸ்தானியருக்கென்று வந்த இன்னொரு சட்டம், ஏழாண்டு அல்லது பத்தாண்டு இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. ஒரே முறையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. தாய் நோயுற்றாள் என்றோ, நிலத் தகராறு என்றோ, பிள்ளைப்பேறு என்றோ நாமக்கல் பக்கத்து ஊரில் ஓராண்டைத் தாண்டி இருந்துவிட்டவர்கள் அந்த இருப்புக்காகவே தகுதி இழந்தார்கள். ஊரை மறக்காமல் இருந்ததே குற்றமாயிற்று. ஏறக்குறைய எட்டேகால் லட்சம் பேருக்காக 2,37,000 விண்ணப்பங்கள் போயின. பதினைந்தாண்டு முடிவில் குடியுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர்.

மிஞ்சியவர்களை 1964 அக்டோபர் 30 அன்று இரு பிரதமர்கள் பங்கிட்டார்கள். சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; மீதமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டு மாதத்துக்குள், டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே அழிந்துபோனது. பின்னர் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமைக் கடந்து, தமிழகத்துக்குள் வந்தார்கள். 'தாயகம் திரும்பியோர்' என்பது அரசு அவர்களுக்கு இட்ட பெயர். அவர்களுக்காக 1969இல் தொடங்கிய கூட்டுறவு வங்கியே இன்று நம் ஊர்க் கடைத்தெருக்களில் பெயர்ப்பலகை வைத்திருக்கும் ரெப்கோ வங்கி; அந்தப் பெயரின் முதல் பாதி திரும்பி வந்தவர்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் என்பதை நகைக்கடன் வாங்க நிற்பவர்களில் எத்தனை பேர் அறிவார்களோ.

அப்போதுதான், நூறாண்டுக்குப் பின், அவர்களுக்கும் பத்திகள் உள்ள ஒரு படிவம் கிடைத்தது. பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, ஊர். பாட்டியின் வாயில் கேட்டதை வைத்து ஊர்ப் பத்தியை நிரப்பினார்கள். நேட்டாலுக்குப் போனவன் புறப்படும்போது நிரப்பிய படிவத்தைக் கண்டிக்குப் போனவனின் பேரன் திரும்பும்போது நிரப்பினான். சேலம் ஜில்லா என்று எழுதிவிட்டு வந்து இறங்கியவர்களில் பலருக்கு அந்த ஊரில் வீடில்லை, நிலமில்லை. அடையாளம் சொல்லப் பழையவர் யாராவது இருந்தால் உண்டு. பலர் நீலகிரித் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். இலங்கையில் தங்கிவிட்டவர்களுக்கு 2003இல் வந்த சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வாழ்பவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் குடியுரிமை வழங்கியது. இம்முறை பூட்டனின் பிறப்புச் சான்றை யாரும் கேட்கவில்லை.

நம் பக்கம் தேட வேண்டியவை இன்னும் இருக்கின்றன. டர்பனில் பட்டியல் இருக்கிறது. மோக்காவில் பட்டியல் இருக்கிறது. அவற்றோடு ஒப்பிடுவதற்கு ஊர்ப்புறத்தில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. 1980இல் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிந்தபோது பழைய கணக்குகள் பல தாலுகா அலுவலகங்களுக்குப் போயின. சில வீட்டுப் பரணிலேயே தங்கின. குலதெய்வக் கோயில்களில் தலைக்கட்டு வரி வசூலித்த நோட்டுகள் உண்டு. ஒவ்வொரு தலைக்கட்டும் பெயராகவும் தகப்பன் பெயராகவும் அதில் வரும். ஒரு திருவிழாவில் வரி கொடுத்தவர் அடுத்த திருவிழாவில் காணப்படாததும் அதில் தெரியும். நிலமில்லாதவர்களின் சிறு கோயில்களிலும் இந்த நோட்டுகள் உண்டென்பதால் பட்டாவைவிட இவை அகலமானவை. ராசிபுரம், சேந்தமங்கலம், பரமத்தி, சங்ககிரிப் பக்கத்து நண்பர்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பூசாரியிடமோ நாட்டாண்மையிடமோ கேட்டுப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்தால் நல்லது. கூடவே, 'கப்பலேறிப் போனவன்', 'கண்டிக்காரன் வீடு' என்ற பேச்சு ஊரில் எந்தக் குடும்பத்தைச் சுற்றி வருகிறது என்பதையும் வயதானவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். நோட்டுகளைக் கறையான் வேகமாகவே படித்துக்கொண்டிருக்கிறது.